மறு: 'புன்காய்'க்குத் தமிழ்ச் சொல்: அடிபிரிப்பு?

நண்பர்களுக்கு வணக்கம். நம் கராத்தே கலைச்சொல் பட்டியலுக்காக 'புன்காய்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். கட்டா என்பது வரிசையாகப் போடும் அசைவுத் தொடர்; அதன் அசைவுகளைப் பிரித்துப் பொருள் காண்பது புன்காய். என் பரிந்துரை 'அடிபிரிப்பு'.

'புன்காய்' என்றே எழுதிவிடலாம் என்று சிலர் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். கராத்தே, கட்டா எல்லாம் அப்படியே நம் வாயில் நிலைத்துவிட்டன. அவற்றைத் தொட வேண்டாம். ஆனால் புன்காய் என்று எழுதினால் புங்கமரத்தில் காய்ப்பதா என்று கேட்பார்கள். அதைவிட முக்கியமானது, கட்டா ஒரு பொருளின் பெயர், புன்காய் நாம் செய்கிற வேலை. "மாஸ்டர், இந்த இடத்தைக் கொஞ்சம் இன்னது செய்து காட்டுங்க" என்று வினையாகவும் வரக்கூடிய சொல்தான் நமக்கு வேண்டும்.

> பகுப்பாய்வு போதுமே?

போதாது. ஜப்பானியரிடம் பகுப்பாய்வுக்கு 'புன்செக்கி' என்று தனிச்சொல் இருக்கிறது. 'புன்காய்' இரண்டு எழுத்துகளால் ஆனது: முதலாவது பிரிப்பது, இரண்டாவது அவிழ்ப்பது. கடிகாரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றி மேசையில் பரப்பினாலும் அது அவர்களுக்குப் புன்காய்தான். கை அழுக்காகிற வேலை.

> பயன்பாடு அல்லது செயல்விளக்கம்

'பயன்பாடு' ஆங்கிலக் கராத்தே புத்தகங்கள் வழியாக வந்தது. அங்கே புன்காய் என்றாலே அப்ளிகேஷன். ஜப்பானியர் அதை 'ஓயோ' என்று வேறாக வைத்திருக்கிறார்கள். அசைவைப் பிரித்துப் பொருள் காண்பது புன்காய். கண்ட பொருளை வேறு பிடிக்கும் வேறு உயரத்து ஆளுக்கும் ஏற்ப மாற்றிப் போடுவது ஓயோ. 'பயன்பாடு' அதற்கே இருக்கட்டும். உலகக் கராத்தே கூட்டமைப்பின் போட்டிகளில் குழு கட்டாவின் பதக்கச் சுற்றில், மூவர் சேர்ந்து கட்டா போட்டு முடித்துவிட்டு, ஒருவரையொருவர் தாக்கிக் காட்டுவார்கள். 'செயல்விளக்கம்' அதற்குச் சரி. பயிற்சியில் நடப்பது வேறு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஹெயான் ஷோதான் என்ற தொடக்கநிலைக் கட்டாவில் மூன்றாவது அசைவு, பின்பக்கம் திரும்பி வலக்கையைக் கீழ்நோக்கி வீசுவது. நான்காவதில் முன்கால் பாதி தூரம் பின்னால் வரும். அதே கை ஒரு வட்டம் சுற்றி, முஷ்டியின் அடிப்புறம் சுத்தியல் போல இறங்கும். இரண்டு வருடம் இதைக் காற்றில் போட்டுக்கொண்டிருந்தேன். கை எதற்காகச் சுற்றுகிறது என்று கேட்டால் "முதல்ல ஒழுங்கா நில்லு" என்பதே பதில். அப்புறம் ஒருநாள் சீனியர் அண்ணன் ஒருவர், நான் மூன்றாவதில் நிற்கும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "இப்ப நாலாவதைப் போடு." கால் பின்னால் வந்ததும் உடம்பின் எடை முழுக்கக் கையோடு சேர்ந்து இழுத்தது. கை சுற்றியபோது அவர் கட்டைவிரல் பக்கம் பிடி தானாக விட்டது. முஷ்டி அவர் முன்கையில் போய் இறங்கியது. வீண் என்று நான் நினைத்திருந்த அந்த அரை அடிப் பின்வாங்கல்தான் பிடியை விடுவித்தது.

இதைத் தமிழில் எல்லோரும் பள்ளியிலேயே செய்திருக்கிறோம். பாட்டை முதலில் மனப்பாடம் செய்வோம், ஒன்றும் புரியாது. அப்புறம் ஐயா பதம் பிரித்துக் காட்டுவார். இலக்கண உரைகளில் வரும் 'செம்பொன்பதின்றொடி' நினைவிருக்கும். தொடி என்பது பழைய எடை அளவு. செம்பொன் பதின்தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி பொன். செம்பு ஒன்பதின்தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. ஒலி ஒன்றுதான். கட்டாவிலும் அப்படித்தான். 'கெதான் பராய்' என்ற கீழ்வீச்சைப் போடும்போது ஒரு கை கீழே வீசும், மறு கை இடுப்புக்குப் போகும். இடுப்புக்குப் போகும் கை வெறும் நிலைக்காக என்று எடுத்தால், வீசும் கை வருகிற உதையைத் தள்ளிவிடுகிறது. அந்தக் கை எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறது என்று எடுத்தால், வீசும் கை அவன் முழங்கையில் விழும் அடி. எது செம்பு, எது பொன் என்பதை உங்களுக்கே விடுகிறேன்.

ஆகவே 'அடிபிரிப்பு', வினையாக 'அடி பிரித்தல்'. அடி என்றால் காலடி, அடித்தல், பாட்டின் அடி. மூன்றும் கட்டாவில் இருக்கின்றன. ஒரே சொல்லில் இவ்வளவு ஜப்பானிய மூலத்தில்கூடக் கிடையாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாப் பள்ளிகளுக்குள் கராத்தேயைக் கொண்டுவந்தவர் இத்தோசு அன்கோ. ஐந்து பினான் கட்டாக்களை அமைத்தவரும் அவரே; அவற்றைத்தான் பின்னால் அவர் மாணவர் ஃபுனகோஷி கிச்சின் ஹெயான் என்று பெயர் மாற்றினார். 1908இல் இத்தோசு எழுதிய பத்து அம்சக் கடிதத்திலேயே, பழகுவது உடலைப் பேணவா, பயன்படுத்தவா என்று தெளிந்துகொண்டு பழகு என்ற கருத்து வருகிறது. நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணிக்கைக்குப் போட வைத்தால் உடல் தேறும். பொருள் பின்னுக்குப் போகும். நம் ஊர்ப் பெல்ட் டெஸ்ட்டுகளில் பெரும்பாலும் நடப்பது அதுதான். பேரே இல்லாத ஒன்றை எந்தப் பிள்ளை கேட்டு வாங்கும்?

> அடிபிரிப்பு என்றால் சண்டையை விலக்கிவிடுவது போல இருக்கிறதே

சண்டையை 'விலக்கி'த்தானே விடுகிறோம்? பிரித்துவிடுவதும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பிரித்து மேய்ந்துவிட்டான்' என்பதும் இதே வினைதான்; அந்த வாடை நமக்கு நல்லதே. 'பதம்பிரிப்பு' என்றே வைத்தால் தமிழாசிரியர்களுக்கு மட்டும் புரியும். 'கட்டா பிரிப்பு' பேச்சில் வரட்டும், பட்டியலில் வேண்டாம்.

இதை ஏற்றால் பட்டியலில் இன்னொன்றையும் மாற்ற வேண்டியிருக்கும். வருகிற அடியை எதிர்கொள்ளும் அசைவுகளுக்கான 'உக்கே'க்குத் 'தடுப்பு' என்று போட்டிருக்கிறோம். அது ஆங்கில பிளாக்கின் நிழல். ஜப்பானிய வினைக்குப் பொருள் வாங்கிக்கொள்வது, ஏற்பது. தடுப்பு என்று முதலிலேயே பெயர் வைத்துவிட்டால் அப்புறம் பிரிக்க என்ன இருக்கிறது? 'ஏற்பு' என்று வைக்கலாமா? வருகிற அடியை 'ஏற்பு' என்றால் வாங்கிக் கட்டிக்கொள்வது போல ஒலிக்கிறதா? மஞ்சள் பெல்ட் பிள்ளைகள் யாரிடமாவது சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.