கிளாஸ் பிரிப்பும் எடை விதியும்: டிராக்கில் கண்டதைப் பகிருங்கள்

கார் ரேஸில் எச்.பி.க்கு (குதிரைத்திறன்) எத்தனை கிலோ என்று ஒரே விகிதம் வைத்துக் கிளாஸ் (போட்டிப் பிரிவு) பிரிக்கும் இடங்களில் ஓயாமல் வரும் புகார் ஒன்று: "ரெண்டு காருக்கும் ஒரே விகிதம்தான், ஆனா ஸ்ட்ரெய்ட்ல அது போயிட்டே இருக்கு." புகார் நியாயமானது. 900 கிலோவுக்கு 120 எச்.பி., 1,350 கிலோவுக்கு 180 எச்.பி.; இரண்டும் 7.5தான். ஆனால் காற்றுத்தடை காரின் எடையைப் பார்ப்பதில்லை. 180 கி.மீ. வேகத்தில் சாதாரண சலூன் கார் காற்றைத் தள்ளவே ஏறக்குறைய 70 எச்.பி. செலவாகிவிடும். மிச்சம் சின்னதுக்கு 50, பெரியதுக்கு 110. அந்த வேகத்தில் விகிதம் சின்னதுக்கு 18, பெரியதுக்கு 12.3 ஆகிவிடுகிறது. வளைவுகள் நெருங்கிய டிராக்கில் கதை அப்படியே தலைகீழ்: லேசான கார் தாமதமாக பிரேக் பிடிக்கும், அதன் முன் டயர் கடைசி லேப் வரை தாங்கும். ஒரே அட்டவணையை எல்லா டிராக்குக்கும் வைப்பதுதான் தவறு.

* * *

சரியாகச் சொன்னீர்கள். எந்த எச்.பி. என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உச்ச அளவை மட்டும் விதி பார்த்தால், டர்போ காரில் மேல் ஆர்.பி.எம்.மில் பூஸ்டை (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை) குறைத்து பவர் கோட்டைத் தட்டையாக்கிவிடுவார்கள். டைனோ (பவரை அளக்கும் கருவி) தரும் தாளில் 150தான். ஆனால் 4,500 முதல் 6,500 வரை எங்கே மிதித்தாலும் அதே 150. டர்போ இல்லாத எஞ்சின் உச்சியில் மட்டும்தான் அந்த 150ஐத் தொடும். கியர் மாற்றியதும் விழும் ஆர்.பி.எம்.மிலிருந்து ரெட்லைன் (எஞ்சினின் உச்ச ஆர்.பி.எம்.) வரை 500க்கு ஒரு புள்ளி எடுத்துச் சராசரி போட்டால் இந்த வித்தை செல்லாது. எல்லாக் கார்களையும் ஒரே டைனோவில் ஏற்ற வேண்டும். டைனோவுக்கு டைனோ வரும் வித்தியாசமே ஒரு கிளாஸைத் தாண்ட வைத்துவிடும்.

* * *

எடை பார்க்கும்போது பலர் மாட்டுவது எரிபொருளில். டிரைவர், ஹெல்மெட், உடை எல்லாம் சேர்த்து, ரேஸ் முடித்து உள்ளே வந்த நிலையில் எடை என்பதுதான் பெரும்பாலான விதி. பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 0.75 கிலோ, 12 லிட்டர் எரிந்தால் 9 கிலோ போச்சு. டிரைவரின் வியர்வை, தேய்ந்த பிரேக் பேட், பிய்ந்த அண்டர்ட்ரே (காரின் அடித்தட்டு) எல்லாம் அதற்கு மேல். டேங்க் வற்றிய நிலையிலும் விதி கேட்கும் குறைந்தபட்ச எடைக்கு மேல் 4, 5 கிலோ கூடுதலாக நிற்கும்படி வையுங்கள். உங்கள் கராஜ் ஸ்கேல் என்ன காட்டினாலும் பயனில்லை, போட்டி நடத்துபவரின் ஸ்கேல்தான் தீர்ப்பு. பயிற்சி நாளிலேயே அதில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

* * *

பலாஸ்ட் (எடையை எட்டக் காரில் பொருத்தும் கூடுதல் பாரம்) வைக்கும் முறையில்தான் எனக்குக் கவலை அதிகம். எஃப்.ஐ.ஏ. (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) விதி கேட்பது: ஒன்றோ பலவோ, ஒவ்வொன்றும் உறுதியான ஒரே கட்டி, கருவி கொண்டு பொருத்தியது, கேபின் தரையில் கண்ணுக்குத் தெரிவது, சீல் வைக்கக்கூடியது. மணல் மூட்டையும் ஜிம் தட்டும் இதில் வராது. 30 × 30 செ.மீ., 2 செ.மீ. கனமுள்ள ஈயத் தகடு சுமார் 20 கிலோ, இரும்பென்றால் 14. மோதலில் 25 ஜி (புவியீர்ப்பைப் போல 25 மடங்கு விசை) வந்தால் அந்த 20 கிலோ 500 கிலோவாக இழுக்கும். மெல்லிய தரைத்தகடு வாஷரோடு கிழிந்துவிடும். ஆகவே 8.8 தர 10 மி.மீ. போல்ட் நான்கு, தரைக்கு அடியில் 3 மி.மீ. இரும்புத் தகடு. ஈயம் மென்மையானது, போல்ட் இறுக்கத்தில் நாளடைவில் நசுங்கும். மேலேயும் ஓர் இரும்புப் பட்டை வைத்து, ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும் போல்ட்டின் டார்க் (இறுக்க அளவு) பாருங்கள்.

* * *

பலாஸ்ட் ஏற்றியபின் கார்னர் வெயிட்டை (ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் விழும் எடையை) மறக்காதீர்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், டயர் பிரஷர் ரேஸ் அளவில், நான்கு ஸ்கேலும் ஒரே மட்டத்தில். ஆன்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்கைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அதன் முறுக்கம் அளவைக் கெடுக்கும். வலது முன், இடது பின் இரண்டையும் கூட்டி மொத்தத்தால் வகுத்தால் 50 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். குறைந்தால் அந்த மூலைகளில் ஒன்றின் ஸ்பிரிங் இருக்கையைச் சற்று ஏற்றுங்கள். எதிர்மூலையிலும் எடை கூடும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் காரை முன்பின் உருட்டி சஸ்பென்ஷன் அமர்ந்த பிறகே அளவைக் குறியுங்கள்.