டெல்லி கணேஷ்: பார்த்தது, பேசியது, கேட்டது

நடிகர் டெல்லி கணேஷின் படங்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அவரை நேரில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்களேன். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. சென்னையில் ஒரு சபாவில் காத்தாடி ராமமூர்த்தி குழுவின் 'பட்டினப் பிரவேசம்' நாடகத்துக்கு மாமா அழைத்துப் போனார். விசு எழுதியது. பட்டணத்துக்குக் குடிவந்து சிதறிப்போகிற ஒரு கிராமத்துக் குடும்பத்தின் கதை. கே. பாலசந்தர் அதைப் படமாக்கியது 1977-ல். நான் பார்த்தது அதற்கு முன்னால். பெயருக்கு முன் 'டெல்லி' சேர்ந்தது அந்தப் படத்தில்தான், அதனால் நான் பார்த்த ஆள் வெறும் கணேஷ்.

அந்தக் கால சபா நாடகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மேடைக்கு மேலே மைக்குகள் தொங்கும். வசனம் வைத்திருப்பவர் நைசாக நகர்ந்து அதற்கு நேர் கீழே வந்து நிற்பார். எதிரில் இருப்பது அண்ணனோ தம்பியோ, அவரைப் பார்க்காமல் நம்மைப் பார்த்துப் பேசுவார். கைதட்டல் அடங்கும்வரை மற்றவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நிற்பார்கள்.

கணேஷ் மட்டும் அப்படி நிற்கவில்லை. வேறு யாரோ பேசிக்கொண்டிருக்க, இவர் தோளில் கிடந்த துண்டின் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு நூலை மெதுவாக இழுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு சூடு பிடித்த இடத்தில் அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவுதான் செய்தார். ஆனால் அன்று பேசியவர் யார், என்ன பேசினார் என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நூல் மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

கூட நடிப்பவருக்கு இது கொஞ்சம் அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

* * *

மேலே ஒருவர் எழுதியது மெட்ராஸ் கதை. அதற்கு முந்தைய கதை எங்கள் வீட்டில் இருக்கிறது.

அப்பா விமானப்படையில் இருந்தார், டெல்லியில். கணேஷும் 1964 முதல் 1974 வரை விமானப்படையில் இருந்தவர்தான். இருவரும் வேறு வேறு இடத்தில் வேலை பார்த்ததால் அறிமுகம் எல்லாம் கிடையாது. ஆனால் அங்கே தக்ஷிண பாரத நாடக சபா என்று ஒன்று இருந்தது. டெல்லித் தமிழர்களுக்கு அது நாடகம் பார்க்கிற இடம் மட்டும் இல்லை, தமிழ் காதில் விழுகிற இடம். ஜனவரிக் குளிரில் மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போவோம் என்பார் அப்பா. காட்சி நடுவில் மஃப்ளரை அவிழ்த்தால்தான் வசனம் கேட்கும், அவிழ்த்தால் காது உறைந்துவிடும். அங்கே நடித்துப் பழகியவர்களில் ஒருவர் பிற்பாடு சினிமாவுக்குப் போனதில் அப்பாவுக்குப் பெருமை, கொஞ்சம் பொறாமையும் உண்டு. "வல்லநாட்டில் பிறந்த மனுஷனுக்கு டெல்லின்னு பேர். நானும்தான் பன்னிரண்டு வருஷம் அங்கே குளிரில் கிடந்தேன், என்னை எவன் டெல்லின்னு கூப்பிட்டான்?" (திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு வல்லநாடு தெரிந்திருக்கும்.)

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்து இலை கணேஷுக்கு. அவர் சமையற்காரர் பாலக்காட்டு மணி ஐயராக நடித்த, கல்யாணச் சாம்பாரில் மீன் கிடக்கிற காட்சி வரும் 'மைக்கேல் மதன காமராஜன்' வந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. கல்யாண வீட்டில் அந்த மணி ஐயர் சாப்பிட உட்கார்ந்தால் சும்மா விடுவார்களா? சாம்பார் வாளி வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் குனிந்து, சார், மீன் ஏதும் இருக்கா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் எண்ணினேன், ஏழு பேர். ஏழாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சிரித்த அதே சிரிப்பு.

அப்பா சினிமாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. விமானப்படையில் எந்த வருஷம் சேர்ந்தீர்கள் என்று கேட்டார். அப்புறம் லீவு கிடைக்காதது, மெஸ் சப்பாத்தி, தெற்கே வருகிற ரயிலில் இடம் பிடிக்கிற யுத்தம் என்று பேச்சு போனது, பாதி இந்தியில். பாயசம் ஆறிப்போய் ஏடு கட்டியது. அடுத்த பந்திக்கு ஆள் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றபோதுதான் இருவரும் எழுந்தார்கள்.

2024 நவம்பர் 9 அன்று அவர் காலமானார், எண்பது வயது. விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்தியதை டிவியில் காட்டினார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கித் தரச் சொன்னார். மஃப்ளரைத் தேடினார். அது எப்போதோ போய்விட்டிருந்தது.

* * *

மேலே எழுதியவர்கள் மாதிரி நான் அவரை நேரில் பார்த்ததில்லை. இருந்தாலும் ஒரு குறை சொல்ல வேண்டும்.

'நாயகன்' படத்தில் ஐயர், மணி ஐயர், 'அவ்வை சண்முகி'யில் சேதுராம ஐயர் என்று அவரைப் பூணூலோடே பார்த்துப் பழகிவிட்டோம். துரை இயக்கிய 'பசி' (1979) பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? அதில் அவர் ரிக்‌ஷா இழுக்கிற முனியாண்டி. மகள் குப்பம்மாவாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது, அதை எல்லாரும் சொல்கிறார்கள். அப்பனாக நடித்தவருக்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு கிடைத்ததை யாரும் சொல்வதில்லை.

என் தாத்தா ரிக்‌ஷா ஓட்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் அந்தப் படம் போட்டபோது பாட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். படம் பாதி போனதும் எங்களிடம் கேட்டாள்: "இந்த ஆள் எந்த ஸ்டாண்டுடா?"

* * *

'பசி' சொன்னவருக்கு நன்றி. என் பங்குக்கு 'சிந்து பைரவி', 1985. அதில் அவர், குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்து, கதாநாயகனான பாடகர் ஜே.கே.பி.யிடம் மாட்டிக்கொள்கிற மிருதங்கக்காரர் குருமூர்த்தி. நான் மிருதங்கம் கற்றுக்கொண்ட காலத்தில், யாராவது கச்சேரிக்குத் தாமதமாக வந்தாலே எங்கள் வாத்தியார், "என்னடா, குருமூர்த்தி வந்தாச்சா?" என்பார். குடிக்காதவனுக்கும் அதே பெயர்தான்.

* * *

நான் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். கடைசி வருடங்களில் அவர் சின்னப் பையன்கள் எடுக்கிற குறும்படங்களில் நிறைய நடித்தார் இல்லையா, அதில் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். யூனிட்டில் யாருக்கும் இருபத்தாறு வயது தாண்டவில்லை. வாடகைக்கு எடுத்த ஃபிளாட். மின்விசிறியை நிறுத்தி, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி, ஜன்னலைச் சாத்தி, மே மாதத்தில். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரையும் எதுவும் கேட்கவில்லை.

காட்சி இதுதான்: வீட்டை விற்கலாம் என்று மகள் பேசுகிறாள், அப்பா கேட்கிறார். அவருக்கு வசனமே கிடையாது. அதனால் பூம் மைக்கை (நீளக் கம்பு நுனியில் கட்டிய மைக்) அந்தப் பெண் பக்கமே வைத்திருந்தேன். முதல் டேக்கில் ஹெட்போனில் ஏதோ சின்னதாகக் கேட்டது. மைக்கை இரண்டு பேருக்கும் நடுவில் கொண்டுவந்தேன். 'ம்.' அவ்வளவுதான். கொஞ்சம் கழித்து இன்னொரு 'ம்', முதலாவதைவிடத் தாழ்வாக.

இதில் எங்கள் தொழில் சங்கதி ஒன்று. ஒருவர் வசனத்தின் மேல் இன்னொருவர் குரல் ஏறினால் ஓவர்லேப். எடிட்டிங்கில் பிரிக்க முடியாது, தலைவலி. பழகாதவர்கள் 'ம்' கொட்டினால் நிச்சயம் வசனத்தின் மேல்தான் விழும். இவருடையது அந்தப் பெண் மூச்சு எடுக்கிற இடத்தில் மட்டுமே வந்தது. மூன்று டேக். அந்தப் பெண் ஒவ்வொரு டேக்கிலும் வேகத்தை மாற்றினாள், புதுசு, பதற்றம். இவர் 'ம்' அவள் பின்னாலேயே போய் ஒவ்வொரு முறையும் இடைவெளியில் சரியாக உட்கார்ந்தது. மேலே ஒருவர் நூல் கதை எழுதியிருக்கிறாரே, படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

எடிட்டர் பிறகு போன் பண்ணினார். அப்பா பக்கம் ஏதோ முனகல் கேட்கிறது, ஸ்கிரிப்டில் இல்லை, எடுத்துவிடட்டுமா என்றார். ஹெட்போன் போட்டு இன்னொரு முறை கேளுங்கள் என்றேன். பத்து நிமிஷம் கழித்து மெசேஜ் வந்தது: "இருக்கட்டும்."