ஆள் இல்லாததால் வண்டி வந்ததா, வண்டி வந்ததால் ஆள் போனதா?

கள்ளந்திரி_மடை:
நேற்று மதுரைப் பக்கம் கள்ளந்திரியில் எங்கள் வயலில் நெல் அறுப்பு. ஒன்றரை ஏக்கர். பெல்ட் வண்டி, அதாவது டயருக்குப் பதில் பட்டையில் ஓடுகிற அறுவடை மெஷின், காலை ஒன்பதரைக்கு இறங்கியது. பதினொன்றேகாலுக்கு நெல்லை டிரெய்லரில் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டது. எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

ஆனால் எங்கள் தெருப் பாட்டி ஒருத்தர் கதிர் அரிவாளோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார். வண்டி திரும்ப முடியாத நாலு மூலையையும் முதலில் கையால் அறுத்துவிட வேண்டும் இல்லையா, அதற்காக வரச் சொல்லியிருந்தேன். அரை மணி நேர வேலை. முடித்துவிட்டு, “இதே வயல்ல நான் நிரை பிடிச்சா பின்னாடி பதினெட்டுப் பேர் வருவாங்க. இப்ப மூலைக்கு ஆளாயிட்டேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ராத்திரி தூங்க விடவில்லை. ஆள் கிடைக்காததால் வண்டி வந்ததா, வண்டி வந்ததால் ஆள் போனார்களா? நம் பக்கத்து ஆட்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

மும்முனை:
அண்ணே, பாவமாக இருக்கிறது என்பதற்காகக் கணக்கை மாற்ற முடியாது. அறுத்து, கட்டி, களத்துக்குத் தூக்கி, அடித்து, தூற்றி முடிக்க உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு இருபது ஆளுக்குக் குறையாது. ஆளுக்கு 500 என்றாலும் பத்தாயிரம். நெல் விற்கிற விலைக்கு அது கட்டுமா?

நான் வாடிப்பட்டிப் பக்கம் பம்புசெட் ஸ்டார்ட்டர் வேலை பார்க்கிறவன். மும்முனை மின்சாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடப்பார் எங்கள் அப்பா. ஒரு நாள் வரப்பில் கட்டுவிரியனை மிதித்துவிட்டார். அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். இப்போது போன் போட்டால் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் இல்லை என்றால் தானாக நிற்கிறது. இந்த மெஷினால் யார் வேலை போயிற்று? எங்கள் அப்பாவின் பயம் போயிற்று, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஆனை கட்டிப் போரடித்த ஊர் என்று பெருமை பேசுகிறோமே, அந்த ஆனை என்ன? அந்தக் காலத்து மெஷின்தானே!

கருப்பாயூரணி_அக்கா:
ஆனை யாருடையது தம்பி? போரடிக்கிற கூலிக்காரர்களுடையது இல்லையே. அதை யோசித்துவிட்டு மேலே பேசுவோம்.

என் அம்மா மேலூர்ப் பக்கம் அறுப்புக்குப் போனவர். கூலி பணமாக வராது, நெல்லாக வரும். மரக்கால் கணக்கு. தையும் மாசியும் அறுத்துச் சேர்த்த நெல் குலுக்கையில் ஆடி வரைக்கும் இருக்கும். சில்லறைச் செலவென்றால் ஒரு படி நெல்லை அளந்து கொடுத்து கருவாடு வாங்குவோம். அந்தக் கருவாட்டுக்காரியும் எங்கள் ஊர்தான்.

இப்போது பெல்ட் வண்டி சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் ஏறி வருகிறது. டிரைவர் வெளியூர், புரோக்கர் வெளியூர். வாடகை சாயங்காலமே ஊரை விட்டுப் போய்விடுகிறது. ஆள் வேலை போனதை மட்டும் பேசாதீர்கள். அறுப்புப் பணம் ஒரு மாதம் எங்கள் தெருவிலேயே சுற்றும், அது போனதையும் பேசுங்கள்.

மும்முனை:
கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. உங்கள் அம்மா உங்களை ஏன் அறுப்புக்கு அனுப்பவில்லை?

கருப்பாயூரணி_அக்கா:
அனுப்பவில்லைதான். நாற்பது வயதிலேயே அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அறுப்பு நாளில் ராத்திரி இடுப்பில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டது நான்தான். “நீ இதுக்கு வராத” என்று அவரே சொன்னார். ஆனால் என்னைப் படிக்க வைத்ததும் அந்த நெல்தான். குனிந்து அறுப்பது சுகம் என்று நான் எங்கே சொன்னேன்? கூலி எங்கே போகிறது என்றுதான் கேட்கிறேன்.

மும்முனை:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆள் முதலில் போனார்களா, வண்டி முதலில் வந்ததா என்பதற்குப் பதில் வரவில்லையே. எங்கள் ஊரில் முதலில் வந்தது ஸ்பின்னிங் மில் வேன். காலை ஐந்தரைக்கு வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். அப்புறம் பையன்கள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போனார்கள். வண்டி வந்தது அதற்கெல்லாம் பிறகு. காலியான இடத்துக்குத்தான் அது வந்தது.

டீக்கடை_பெஞ்சு:
ஆள் கிடைக்காததற்கு நூறு நாள் வேலையை யாரும் இன்னும் திட்டவில்லையே, ஊர் திருந்திவிட்டதா? 😄

கருப்பாயூரணி_அக்கா:
அதைத் திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சட்டம் வந்தது 2005இல். வருஷத்துக்கு 100 நாள் என்றுதான் அதில் இருந்தது, அது போக மிச்சம் 265 நாள் இருந்ததே, அதற்கு என்ன சொல்வார்கள்?

கள்ளந்திரி_மடை:
நானும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரெண்டு பேரும் தண்ணீரை விட்டுவிட்டீர்கள்.

முல்லைப் பெரியாறு அணை 1895இல் வந்தது. அந்தத் தண்ணீர் வைகைக்கு வந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு கால்வாயில் வருகிறது. பேரணையிலிருந்து எங்கள் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர், திருமங்கலம் பகுதி ஒருபோகம், 1,05,002 ஏக்கர். மடை திறக்கிற தேதி எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் நாற்று விடுவதும் நடுவதும் ஒரே வாரம், கதிர் முற்றுவதும் ஒரே வாரம். ஊரில் நூறு பேர் இருந்தாலும் அந்தப் பத்து நாளைக்கு ஆள் பத்தாது. மிச்ச நாளெல்லாம் அதே நூறு பேருக்கு வேலை இருக்காது. முற்றின கதிர் மேல் ஒரு மழை அடித்தால் பயிர் சாய்ந்து நெல் வயலிலேயே முளைத்துவிடும். அந்தப் பயத்தில்தான் எல்லாரும் வண்டிக்காரனுக்குப் போன் போடுகிறோம். நானும் அப்படித்தான்.

ஆனாலும் வண்டி வந்தால் எல்லாம் முடிந்தது என்றில்லை. கையால் அறுத்தால் அரி, அதாவது அறுத்துப் போட்ட கதிர், வயலில் கிடந்து கொஞ்சம் காயும். வண்டி நெல் ஈரத்தோடு வருகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் கேட்கிறார்கள். அதனால் நேற்று மத்தியானம் முதல் நானும் என் வீட்டுக்காரியும் தார் ரோட்டில் நெல்லைப் பரப்பி, செருப்பில்லாமல் காலாலேயே சால் பிடித்துக் கிளறிக்கொண்டிருக்கிறோம். அரை மணிக்கு ஒரு தரம் கிளற வேண்டும். பாதம் வெந்துவிட்டது. இதற்கு வண்டி இல்லை.

செல்லூர்_தறி:
வயல்காரர்கள் பேசுகிற இடத்தில் நானும் நுழைகிறேன். எங்கள் வீட்டில் இந்தச் சண்டை முடிந்து வருஷக்கணக்காகிறது.

அப்பா குழித்தறிக்காரர். கைத்தறியைக் காப்பாற்ற 1985இல் சட்டமே போட்டார்கள். முதலில் 22 ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்றார்கள். பிறகு அதை 11 ஆகக் குறைத்தார்கள். சட்டம் இன்னும் இருக்கிறது. அப்பா கால் வைத்து மிதித்த குழியை மூடி சிமெண்ட் பூசிவிட்டோம், இப்போது அதன் மேல் வாஷிங் மெஷின் நிற்கிறது.

நான் இன்று நாலு விசைத்தறி ஓட்டுகிறேன். அப்பா ஒரு நாளில் நெய்ததைக் காலை டிபனுக்கு முன்னால் நெய்துவிடுகிறேன். அப்பாவை விட அதிகம் சம்பாதிக்கிறேனா? ரூபாய்க் கணக்கில் ஆமாம். ஆனால் நாலு தறி ஓடுகிறபோது பக்கத்தில் நிற்கிறவனிடம் பேச முடியாது. வீட்டுக்கு வந்தும் கத்தித்தான் பேசுகிறேன், பிள்ளை பயப்படுகிறது. அப்பா தறியில் இருந்துகொண்டே தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேசுவார்.

சுங்குடியும் இதே கதைதான். புள்ளிக்குப் புள்ளி துணியை நகத்தால் கிள்ளி நூல் சுற்றி முடிச்சுப் போட்டது சுங்குடி. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று கடையில் சுங்குடி என்று கேட்டால் பெரும்பாலும் புள்ளி அச்சடித்த சேலையைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். தடவிப் பாருங்கள். முடிச்சுப் போட்டதென்றால் புள்ளி இருக்கிற இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருக்கும். அச்சில் அது வராது.

அனுப்பானடி_வெயில்:
எங்கள் தெருவில் அப்பளம். உளுந்து மாவை உலக்கையால் இடிக்கிறது இருக்கிறதிலேயே கொடுமை. அதற்கு மெஷின் வந்தபோது தெருவே கும்பிட்டது. அப்புறம் தேய்க்கிற மெஷின் வந்தது. உருண்டை வாங்கிப் போய் எண்ணிக்கைக்குத் தேய்த்துக் கொடுத்த அத்தைமார்களுக்கு உருண்டை வருவது நின்றது. இடிக்கிற மெஷினை நான் எதிர்க்க மாட்டேன், தேய்க்கிற மெஷினுக்குக் கைதட்டவும் மாட்டேன். இது முரண் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

டீக்கடை_பெஞ்சு:
எங்கள் தெருக் கோயிலில் பூசை நேரத்துக்கு ஸ்விட்ச் போட்டால் மேளமும் மணியும் சேகண்டியும் தானே அடிக்கிறது. போன வாரம் தீபாராதனை பாதியில் கரண்ட் போய்விட்டது. பூசாரி தீபத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்கிறார், நாங்கள் அவரைப் பார்க்கிறோம். மூலையில் பழைய மேளம் தொங்குகிறது. அடிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. கடைசியில் ஒரு சின்னப் பயல் எழுந்துபோய் ‘டம் டம்’ என்று என்னவோ தட்டினான். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மும்முனை:
😄 அடுத்து அங்கே இன்வெர்ட்டர் வைப்பார்கள், பாருங்கள்.

அக்கா கேட்ட பணம் விஷயத்துக்கு வருகிறேன். ஆத்தூர் வண்டிதான் வேண்டும் என்று யார் சொன்னது? வேளாண் பொறியியல் துறையில் அறுவடை வண்டி குறைந்த வாடகைக்குத் தருகிறார்கள், உழவன் செயலியிலேயே பதியலாம். பத்து விவசாயிகள் சேர்ந்து ஒரு வண்டியைச் சொந்தமாக வாங்கி, ஊர்ப் பையனையே ஓட்ட வைத்தால் வாடகை ஊரிலேயே நிற்குமே?

கருப்பாயூரணி_அக்கா:
நல்ல யோசனைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அண்ணன் இப்போதுதான் சொன்னார், கால்வாய்ப் பகுதி முழுக்க ஒரே வாரத்தில் முற்றுகிறது என்று. அந்த வாரம் எல்லாரும் பதிந்தால் அரசு வண்டி எத்தனை பேருக்கு வரும்? பத்து பேர் சேர்ந்து வாங்கினாலும் ஊர்ப் பையன் முதலில் யார் வயலில் இறங்குவான்? தவணை அதிகம் கட்டினவர் வயலில். அந்தப் பத்துப் பேரில் சொந்த வயல் இல்லாத ஒருத்தராவது இருப்பாரா? பாட்டி இருப்பாரா?

வைக்கோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு வீட்டுக்கு வீடு படப்பு இருக்கும். அறுப்புக்குப் போனவர்கள் நாலு கட்டு வைக்கோலும் கேட்டு வாங்கி வருவார்கள், அதில் ஒரு மாடு வாழும். இப்போது வண்டி துப்பின வைக்கோலை இன்னொரு மெஷின் வந்து உருட்டிக் கட்டிவிடுகிறது. லாரிக்காரர் கட்டுக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கிப் போகிறார். எங்கள் தெருவில் கடைசிப் பசுமாடு போய் நாலு வருஷமாகிறது. பால் பாக்கெட்டில் வருகிறது.

மும்முனை:
வயல் இல்லாதவரைக் கூட்டில் சேர்ப்பதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. ஓட்டுவது, கிரீஸ் வைப்பது, பெல்ட் மாற்றுவது இதெல்லாம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ரெண்டு பேர் வந்தால் என் பட்டறையிலேயே கற்றுக் கொடுக்கிறேன், சும்மா சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் பாட்டிக்கு ஆகாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

கருப்பாயூரணி_அக்கா:
சரி தம்பி, பெண் பிள்ளைகள் வந்தாலும் சொல்லிக் கொடுப்பீர்கள்தானே.

மடை அண்ணே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு எழுதினீர்கள், பாட்டிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று சொல்லவே இல்லையே?

கள்ளந்திரி_மடை:
இருநூறு. டீயும் வடையும் தனி.

டீக்கடை_பெஞ்சு:
வண்டிக்கு?

கள்ளந்திரி_மடை:
மணிக்கு 2,700. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு 4,725 ஆயிற்று. டிரைவருக்குப் பேட்டா தனி. 25 ரூபாயைக் குறைக்கச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார்.