சின்ன உருவம், வளர்ற பிள்ளை: அடுத்த டர்ட் பைக் எது? உங்கட அனுபவத்தச் சொல்லுங்கோ

வெள்ளவத்தை அம்மா:

வணக்கம் எல்லாருக்கும். என்ர மூத்த மகளுக்கு இப்ப எட்டு வயசு, வகுப்பில ஆகக் கட்டையான பிள்ளை அவதான், 119 சென்டிமீட்டர், 20 கிலோ. அஞ்சு வயசிலயிருந்து யமஹா பிடபிள்யூ 50 ஓடுறா, மண் பாதையில ஓடுற சின்னப் பிள்ளையளின்ர 50 சிசி பைக். என்ர தம்பிக்கு ரேஸ் எண்டா உயிர், தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில், மின்னேரியா கன்னர்ஸ் எண்டு ஒண்டும் விடாமப் போய்ப் பாக்கிறவன், அவன்தான் மருமகளுக்கெண்டு தேடி வாங்கித் தந்தது. மாறவிலப் பக்கம் சொந்தக்காரரின்ர தென்னங்காணி இருக்கு, மாசத்தில ரெண்டு ஞாயிறு விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டுப் போவம், வெயில் ஏற முதல் ஓடி முடிச்சிடுவா.

இப்ப அந்த பைக் அவவுக்குக் காணாது. துரோட்டில்ல வேகத்தக் கட்டுப்படுத்துற லிமிட் ஸ்க்ரூவ மூண்டு வருசமாக் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து திறந்து இப்ப முழுக்கத் திறந்தாச்சு, வளைவில திரும்பேக்க முழங்கால் ஹாண்டிலோட முட்டுது, கியரும் இல்லாதபடியா அதில பழக இன்னும் ஒண்டும் மிச்சமில்ல. அடுத்தது என்ன எண்டு கேட்டா வீட்டில, சொந்தத்தில, தெரிஞ்ச ஆக்களில எல்லாரும் ஒரே பதில்தான், "110 சிசி எடுங்கோ, பிள்ளை வளரும்தானே." பள்ளிக்கூட யூனிபோர்ம் தைக்கேக்க கீழ ரெண்டு மடிப்பு விட்டுத் தைக்கிறமே, அதே கணக்கில சொல்லுகினம். எனக்கு மனசு ஒப்பேல்ல. காசு ஒரு பக்கம், பிள்ளைன்ர முழங்கால் மற்றப் பக்கம்.

ஒரு ஞாயிறு தம்பின்ர கூட்டாளி தன்ர மகன்ர கவாசாகி கேஎல்எக்ஸ் 110அக் கொண்டுவந்தவர். ஏத்தி விட்டம். ரெண்டு கால்ல ஒரு கால்கூட நிலத்தில படேல்ல, ஒரு பக்கம் இடுப்பச் சரிச்சாத்தான் மற்றக் கால்ன்ர பெருவிரல் மணலில தட்டுது. பிள்ளை ஒண்டும் சொல்லேல்ல, ஆனா அந்த ஹாண்டிலப் பிடிச்ச பிடியில விரல் மொழி எல்லாம் வெள்ளையாப் போச்சு. நான் இறக்கிப்போட்டன்.

அண்டைக்கு இரவு அவவச் சுவரோட நிக்க வச்சு, கெட்டி மட்டைப் புத்தகம் ஒண்டக் கால்ரெண்டுக்கும் நடுவில நல்லா மேல தள்ளிப் பிடிச்சு, நிலத்திலயிருந்து அளந்தன். 53 சென்டிமீட்டர். பூட்ஸ் போட்டா இன்னுமொரு ரெண்டு கூடும். கேஎல்எக்ஸ் 110இன்ர சீட் உயரம் 68 சென்டிமீட்டர். ஹொண்டா சிஆர்எஃப் 110எஃப், யமஹா டிடிஆர் 110 ரெண்டும் அதுக்குக் கிட்டத்தான். நிறையும் எல்லாம் 70 கிலோவுக்கு மேல, பிள்ளை 20 கிலோ. ஹொண்டா சிஆர்எஃப் 50எஃப் எண்டா சீட் 55 சென்டிமீட்டர், நிறை 50 கிலோ, யமஹா டிடிஆர் 50உம் உயரத்தில அப்பிடித்தான். ஆனா எல்லாரும் "திருப்பியும் ஐம்பதா, ஒரு வருசத்தில மாத்தோணும்" எண்டு சொல்லுகினம். இந்த இடத்தில நிண்ட ஆக்கள் ஆராவது இருந்தா நடந்தத நடந்த மாதிரிச் சொல்லுங்கோ.

தெஹிவளை வாப்பா:

தங்கச்சி, நான் அந்த யூனிபோர்ம் கணக்குப் பாத்து வாங்கின ஆள், அதால எழுதுறன்.

என்ட மகனுக்கு அப்ப ஏழு வயசு. வாகன இறக்குமதிய 2020ல நிப்பாட்டி வெச்சிருந்த காலம், நல்ல சாமான் சந்தையில இல்ல, இருந்ததுக்கும் வெல கேட்டா தலை சுத்தும். அப்ப ஒருத்தர் 125 பிட் பைக் ஒண்டு இரிக்கு, ரெண்டு மூணு வருஷத்துக்கு யோசிக்கத் தேவல்லண்டு சொன்னார். எனக்கும் அது சரியாத்தான் பட்டிச்சு, ஒருக்கா வாங்கினா முடிஞ்சிதானே. சீட்ட இறக்கித் தாறம்டு சொல்லி நுரையக் கொஞ்சம் வெட்டியும் தந்தாங்க. ஓடக்கொள்ள மகன் நல்லாத்தான் ஓடினான், அதுதான் மோசம், ஓட்டத்தில உயரம் தெரியிறல்ல. நிப்பாட்டுற இடத்திலதான் தெரியும்.

பாதுக்கைப் பக்கம் ஒரு றப்பர் காணி, மழை பேஞ்ச அடுத்த நாள், செம்மண் சவர்க்காரம் மாதிரி. மெதுவா வந்து எனக்குப் பக்கத்தில நிப்பாட்டினான், வலது கால ஊண்டப் பாத்தான், அந்தப் பக்கம் நிலம் நாலு விரல் பள்ளம். அவ்வளவுதான். பைக் அவன்ட காலுக்கு மேல. நான் ரெண்டு எட்டில பக்கத்தில நிண்டேன், இருந்தும் புடிக்க ஏலாமப் போச்சு. எலும்பு ஒண்டும் முறியல்ல, அல்ஹம்துலில்லாஹ், பூட்ஸ் காப்பாத்திச்சு. ஆனா அதுக்குப் பொறவு ஏழு மாசம் அவன் பைக்கில ஏறல்ல. கூப்பிட்டா வயித்துவலி, தலைவலி. நானும் வற்புறுத்தல்ல. பைக் வெராண்டாவில துணி போத்தி நிண்டிச்சு, அதப் பாக்கிற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும், புள்ளட ஆசைய நானே கெடுத்துட்டேனேண்டு.

பொறவு அத நட்டத்துக்குக் குடுத்துட்டு செகன்ட்ஹேண்ட்ல ஒரு டிடிஆர் 50 எடுத்தேன். பட்டன் ஸ்டார்ட், அதுவும் பெரிய உதவி, விழுந்தாலோ நிண்டாலோ என்னக் கூப்பிடாம அவனே ஸ்டார்ட் பண்ணிட்டுப் போவான். ரெண்டு காலும் முழுசா நிலத்தில பட்ட அண்டைக்கி அவன்ட முகத்தப் பாத்திரிக்கணும். ஒண்டரை வருஷம் ஓடினான். இப்ப சிஆர்எஃப் 110, பயமில்லாமத்தான் ஏறினான். ஒரு வருஷத்தில மாத்துற நட்டம் பெருசில்ல தங்கச்சி, சின்ன பைக் நல்லா வச்சிருந்தா வாங்கின வெலைக்குக் கிட்ட விக்கலாம். புள்ளக்கி வந்த பயத்த விக்க ஏலா.

மாபொல அண்ணன்:

நான் மாறிச் சொல்றேன், கோவிக்க வேணாம். என் பையன் பிடபிள்யூ 50ல இருந்து நேரா 110க்குத்தான் போனான், ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா அவன் ஏழு வயசிலயே 132 சென்டிமீட்டர், 30 கிலோ. வயசப் பாத்து எதையும் முடிவு பண்ண ஏலாதுனு சொல்லத்தான் இத எழுதுறேன். உங்க மகளுக்கு 53 அளவுனா 110 இப்ப வேணாம் அக்கா, 60, 62 வரட்டும். பூட்ஸோட ரெண்டு காலிலயும் முன்பாதம் நல்லாப் படணும், அதுவும் இவ்வளவு கட்டையான பிள்ளைக்கு முதல் கியர் பைக்னா குதிக்காலும் பட்டா நல்லம்.

கொட்டாஞ்சேனை பாஸ்:

பஞ்சிகாவத்தையில பதினெட்டு வருஷமா பைக் திருத்துற வேலை செய்றேன், டர்ட் பைக் கொஞ்சம்தான் வரும், வந்தா ஆசையாப் பாப்பேன். அந்தத் தங்கச்சிக்கு ரெண்டு மூணு விஷயம் சொல்லணும்னு தோணிச்சு.

பிடபிள்யூ 50ல ரெண்டு பிரேக்கும் கையிலதான், இடது கை பின் பிரேக். சிஆர்எஃப் 50, டிடிஆர் 50க்கு வந்தீங்கன்னா இடது கையில லீவரே கிடையாது, பின் பிரேக் வலது காலுக்குப் போயிடும். பிள்ளைக்கு மூணு வருஷப் பழக்கம், அவசரத்தில இடது விரல் வெறுங்காத்தத்தான் புடிக்கும். யாரும் இத முன்கூட்டிச் சொல்றதில்ல, ஆனா சின்னப் பிள்ளைங்க முதல் நாள் மரத்தில போய் மோதுறதுக்கு இதுவும் ஒரு காரணம்தான். வருங்காலத்துல கேஎக்ஸ் 65, கேடிஎம் 65 மாதிரி க்ளச் வச்ச பைக்குக்குப் போனா அதே இடது கைக்கு க்ளச் வரும், இப்பவே அந்தக் கை பிரேக்க மறக்கிறது நல்லதுதான். அதனால முதல் நாள் எஞ்சினை ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. நீங்க பின்னால இருந்து தள்ளுங்க, பிள்ளை காலால நிப்பாட்டட்டும். அம்பது தடவை.

கியர் பத்திப் பயப்பட வேணாம். நம்ம ஊர்ல ஹொண்டா எம்டி 90 பைக் ஓட்டாத குடும்பம் இருக்கா, அதே சென்ட்ரிஃபியூகல் க்ளச்தான், லீவர் இல்ல, காலால மாத்திக்கிட்டே போறது. நியூட்ரல் ஆக அடியில, அதுக்கு மேல மூணு கியர். ஒரே வித்தியாசம், எம்டில முன்னால மிதிச்சா கியர் கூடும், இதுல விரலால தூக்கணும். வீட்ல தாத்தாவோ மாமாவோ எம்டி பழக்கத்துல சொல்லிக் குடுத்தா பிள்ளை குழம்பிரும். இன்னொண்ணு, பூட்ஸோட மூக்கு தடிப்பு, லீவருக்கு அடியில போகாது. பிள்ளைக்குக் கியர் மாத்தத் தெரியலனு நினைச்சிராதீங்க. கியர் லீவர் போல்ட்டைக் கழட்டி ஒரு பல் மேல தள்ளிப் பூட்டுங்க, தன்னால மாத்தும்.

செகன்ட்ஹேண்ட் எடுக்கிறப்போ எஞ்சின் ஆறியிருக்கணும்னு முன்னாலயே சொல்லிட்டுப் போங்க, போனதும் கைய வச்சுப் பாருங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முந்தி ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கனு அர்த்தம், ஆறின எஞ்சின் லேசா ஸ்டார்ட் ஆகுமானு உங்களால பாக்க ஏலாது. துரோட்டிலைத் திருகி விட்டா டக்குனு திரும்பி வரணும், ஹாண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்பியும் இதப் பாருங்க. கால் மிதி பூட்டின இடத்தில ஃப்ரேம்ல வெல்டிங் வெடிச்சிருக்கானு டோர்ச் அடிச்சுப் பாருங்க, பெரியாளுங்க ஏறிக் குதிச்ச பைக்கெல்லாம் அங்கதான் உடையும். முன்வீலைத் தூக்கிப் பக்கவாட்டுல ஆட்டுங்க, டக் டக்னு சத்தம் வந்தா பெயரிங் போச்சு. பிடபிள்யூல செயின் கிடையாது, ஷாஃப்ட். இதுல செயின் இருக்கு, கவர் இல்லாத பைக்கை எடுத்தா முதல்ல கவர் போடுங்க, பிள்ளை விரல் வைக்கும். அப்புறம் இது ஃபோர் ஸ்ட்ரோக், பிடபிள்யூ மாதிரி டூ ஸ்ட்ரோக் இல்ல, டூடி ஒயில் செலவு போச்சு, ஆனா எஞ்சின் ஒயிலை மறக்காம மாத்தணும், எடுத்த உடனே ஒருக்கா மாத்திருங்க.

மாலபே தாய்:

எங்களுக்குக் காணி வசதி இல்ல, லேனுக்குள்ள சத்தம் போட்டா பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு முடியாது, அதனால சின்னவனுக்கு எலக்ட்ரிக் பேலன்ஸ் பைக் எடுத்தம், ஸ்டாசிக் மாதிரி. சீட் கீழ, வேகத்த ஒரு பட்டன்ல குறைச்சுக் கூட்டலாம், பேலன்ஸ் அவனே பழகிட்டான். எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்தச் சின்ன சைஸ் சரிவராது, ஆனா உங்க சின்ன மகளுக்கு யோசிக்கலாம். மற்றது, நம்பர் பிளேட் இல்லாத எதையும் ரோட்டுக்கு விடாதீங்க, லேன் முனைக்கடை வரைக்கும்தான்னு கூட வேணாம். நாங்க வேனுக்குள்ள ஏத்தித்தான் கொண்டுபோறது.

தெஹிவளை வாப்பா:

ஹெல்மெட்டயும் வளருவாண்டு ஒரு சைஸ் கூட்டி வாங்காதீங்க தங்கச்சி. பட்டியப் பூட்டின பொறவு பின்பக்கத்தால தூக்கிப் பாருங்க, கழண்டு வந்தா அது ஹெல்மெட் இல்ல. பெரியாக்கள்ட ஹெல்மெட் நிறை புள்ளட கழுத்துக்கும் கூடாது.

வெள்ளவத்தை அம்மா:

ஆறு கிழமைக்குப் பிறகு எழுதுறன். எல்லாருக்கும் மனசார நன்றி.

சிஆர்எஃப் 50எஃப்தான் எடுத்தம். வத்தளையில ஒரு வீட்டில, அவையின்ர மகன் வளந்திட்டான் எண்டு வித்தவை. பாஸ் அண்ணா சொன்னபடி எஞ்சின் ஆறியிருக்கோணும் எண்டு ஃபோன்லயே கேட்டன். அதுக்கு முதல் பாத்த ஒரு பைக்குக்கு அப்பிடிக் கேட்டதும் அந்த ஆள் பிறகு ஃபோனே எடுக்கேல்ல. இந்த வீட்டில சிலிண்டரில கைய வச்சுப் பாத்தன், குளிர். மூண்டாவது உதையில ஸ்டார்ட். கால் மிதியடியில டோர்ச் அடிச்சுப் பாத்தம், சுத்தம். அந்தப் பெடியன் வாசல்ல நிண்டு பைக்க ஏத்தி முடியிற வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டான், போகேக்க "அண்ணா அக்காவிட்டச் சொல்லுங்கோ, ரெண்டாவது கியர் கொஞ்சம் இறுக்கம், அழுத்தித் தூக்கோணும்" எண்டு தம்பியிட்டச் சொல்லி விட்டான். உண்மைதான், இறுக்கம்தான்.

முதல் ஞாயிறு ஸ்டார்ட் பண்ணேல்ல. தம்பி பின்னால தள்ள, இவ நிப்பாட்ட, தள்ள, நிப்பாட்ட. முதல் பத்துத் தடவையும் இடது கை விரல் நாலும் ஹாண்டிலிலயிருந்து நீண்டு வெறுங்காத்தப் பிடிச்சுது, அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டன், நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தா அந்தப் பிடி எஞ்சின் ஓடேக்கதான் நடந்திருக்கும். முப்பது தாண்டத்தான் கால் முந்திச்சுது. லிமிட் ஸ்க்ரூவ நல்லா உள்ளுக்கு விட்டுத்தான் தொடங்கினம், பிடபிள்யூவில முழுக்கத் திறந்து ஓடின பிள்ளை எண்டாலும் புது பைக்கில முதலாம் வகுப்புத்தான்.

போன ஞாயிறு ஓட முதல் நாங்கள் பாதையில கிடந்த மட்டை, ஓலை எல்லாம் பொறுக்கிக் கரையில போட்டம், குரும்பட்டியும் கூட்டினம், அது முன்வீலுக்கடியில உருண்டா ஹாண்டில் தன்பாட்டில திரும்பும். எண்டாலும் ஒண்டு தப்பிப்போச்சு. கிணத்தடி வளைவில ரெண்டாம் கியர்ல வந்தவ, முன்வீல் ஒருக்காத் துள்ளிச்சுது, பைக் இடப்பக்கம் சரிஞ்சுது, நான் ஓட வெளிக்கிட்டன், அதுக்குள்ள அவ இடது கால ஊண்டி, பாதம் முழுக்க மணலில பதிய, பைக்க நிமித்திப்போட்டு நிண்டா. கண்ணாடிய மேல தூக்கி என்னப் பாத்து "அம்மா வரவேண்டாம், நான் நிக்கிறன்" எண்டு சொன்னா.

பூட்ஸ் அடையாளம் அங்க மணலில அப்பிடியே இருந்தது. குதிக்காலும் பதிஞ்சிருந்தது.

பிடபிள்யூவ விக்கேல்ல, சின்னவ அடுத்த தைக்கு அஞ்சு வயசு. இப்ப தேடுறது சின்னவவுக்கு ஒரு சோடி பூட்ஸ், மற்றது சரியாப் பிடிக்கிற ஹெல்மெட் ஒண்டு. ஆரிட்டயாவது பிள்ளைக்குச் சிறுத்துப்போய் சும்மா கிடக்கிற பூட்ஸ் இருந்தா சொல்லுங்கோ, வந்து எடுக்கிறன். ஹெல்மெட் மட்டும் விழுந்ததோ தெரியாது எண்டபடியாப் புதுசா வாங்கிறன்.