சியோலில் கூட்டு நகர ஆய்வுப் பயிலரங்கு: முதல் வாரத்தை எப்படித் தொடங்குவது?

கேள்வி (கூவக்கரை):
வணக்கம். சென்னையில் நகரத் திட்டமிடல் முதுநிலை படிக்கிறேன். வரும் ஜூலையில் எங்கள் வகுப்பிலிருந்து பத்துப் பேர் சியோல் சென்று, அங்குள்ள பத்துக் கொரிய மாணவர்களுடன் இரண்டு வாரம் சேர்ந்து ஆய்வு செய்யவிருக்கிறோம். சொங்கேச்சொன் ஓடையும் அதன் கரையோரக் கடைத்தெருக்களும் எங்கள் களம். மேம்பாலச் சாலையை இடித்து ஓடையை மீட்டார்கள் என்று படித்ததிலிருந்து எனக்குக் கூவத்தின் நினைவாகவே இருக்கிறது. ஆகவே, "கூவத்துக்கு இதில் என்ன பாடம்?" என்பதையே ஆய்வுக் கேள்வியாக வைக்கலாமா? எங்களில் எவருக்கும் கொரிய மொழி தெரியாது. இணையவழி முதல் சந்திப்பில் இரு தரப்பினரும் தங்களை அறிமுகம் செய்துகொண்டதோடு பேச்சு நின்றுவிட்டது.

மறுமொழி 1 (நீர்வழி):
அந்தக் கேள்வியைக் கடைசி நாளுக்கு ஒத்திவையுங்கள். 1958 முதல் படிப்படியாக மூடப்பட்ட அந்த ஓடையின் மீதிருந்த சாலையை 2003 ஜூலையில் இடிக்கத் தொடங்கி, ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர் நீளத்தை 2005 அக்டோபரில் திறந்தார்கள். ஆனால் இன்று அதில் ஓடுவது பெரும்பாலும் அதன் சொந்த நீர் அன்று. ஹான் ஆற்றிலிருந்து நாள்தோறும் நீரை இறைத்து மேலிருந்து விடுகிறார்கள், சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரும் அதனுடன் சேர்கிறது. கழிவுநீர் கலந்து கடலை நோக்கிச் செல்லும் கூவத்தை இதனுடன் நேராக ஒப்பிட்டால், படங்கள் அழகாக இருக்கும், முடிவு தவறாக இருக்கும்.

மறுமொழி 2 (தெருவோரம்):
நீரைப் போலவே மனிதர்களையும் பின்தொடருங்கள் என்பதே என் வேண்டுகோள். ஓடைத் திட்டத்தால் இடம்பெயர்ந்த நடைபாதை வணிகர்கள் பலர் தோங்தேமுன் விளையாட்டரங்கத்துக்குள் குடியமர்த்தப்பட்டார்கள்; சில ஆண்டுகளிலேயே அந்த அரங்கமும் இடிக்கப்பட்டு, கட்டடக் கலைஞர் சாஹா ஹதீத் வடிவமைத்த வளாகம் அங்கே எழுந்து 2014இல் திறக்கப்பட்டது. வணிகர்களோ 2008இல் சின்சொல்தோங் பகுதிச் சந்தைக்கு மீண்டும் மாறினார்கள். முதல் நாளில் ஓடையில் தொடங்கி அந்தச் சந்தை வரை நடந்து பாருங்கள். இருமுறை இடம் மாறியவரிடம் பேசப் போகிறீர்கள் என்பதை மறவாமல், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மறுமொழி 3 (அளவுகோல்):
மொழிக்காக அஞ்ச வேண்டாம். ஓர் இந்தியர், ஒரு கொரியர் என்று இருவர் இருவராகப் பிரிந்து நடங்கள். நாடுவாரியாகக் குழு பிரித்தால் அவர்கள் மொழிபெயர்ப்பாளர்களாகவும் நீங்கள் விருந்தினர்களாகவும் ஆகிவிடுவீர்கள். நான் பங்கேற்ற ஒரு பயிலரங்கு அப்படித்தான் பாழானது.

முதல் மாலையில் எளிதில் மொழிபெயர்க்க முடியாத சொற்களைப் பரிமாறிக்கொள்ளுங்கள். நீங்கள் "புறம்போக்கு" என்பதை விளக்குங்கள். அவர்கள் "ஜொன்செ" என்பதை விளக்குவார்கள்: மாத வாடகை இல்லாமல் பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்பப் பெறும் முறை. நம் ஊர்ப் போக்கியத்தை அறிந்த உங்களுக்கு அது உடனே விளங்கும், வாடகை ஏறும்போது யார் வெளியேறுகிறார் என்ற பேச்சும் அங்கிருந்தே தொடங்கும். முதியவர்களிடம் பேசக் கொரிய மொழியில் தனி மரியாதை வடிவம் உண்டு. வணக்கம் சொல்வதையும் நன்றி சொல்வதையும் அந்த வடிவத்திலேயே கற்றுக்கொண்டு செல்லுங்கள். வழி தேட நேவர் அல்லது காக்காவோ வரைபடச் செயலி வைத்துக்கொள்ளுங்கள்.

கூவக்கரை:
மிக்க நன்றி. கேள்வியை மாற்றிவிட்டேன்: "ஓடைக்கு நீர் எங்கிருந்து வந்தது, கரையிலிருந்தவர்கள் எங்கே போனார்கள்?" இதைக் கொரிய நண்பர்களுக்கு அனுப்பினேன், அவர்களில் ஒருவர், தம் தாத்தா அந்தப் பகுதியில் கடை வைத்திருந்ததாக இப்போதுதான் சொன்னார். ஜூலை அங்கே மழைக்காலம் என்கிறார்கள். அதனால் களப்பணி தடைபடுமா?

நீர்வழி:
பலத்த மழை பெய்தால் நகரத்தின் வடிகால் நீர் மதகுகள் வழியாக ஓடைக்குள் பாயும், அப்போது கீழ் நடைபாதையை மூடிவிடுவார்கள். எச்சரிக்கை ஒலித்தவுடன் மேலேறி, பாலத்தில் நின்று எந்த மதகு எப்போது திறக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் அந்த மதகுகள் கண்ணில் படுவதே இல்லை.