ஏ-26 இன்வேடர்: நேரம் தப்பி வந்த விமானமா?

சுழல்விசிறி:
இரண்டாம் உலகப் போரின் ஆகச்சிறந்த இரட்டை எஞ்சின் தாக்குதல் விமானம் டக்ளஸ் ஏ-26 இன்வேடர்தான் என்று இங்கே பலரும் எழுதுகிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. முதன்முதலில் பறந்தது 1942 ஜூலையில். சண்டையைப் பார்த்தது 1944-இல். நியூ கினியில் சோதித்த பிறகு, எந்த விமானத்துக்கும் மாற்றாக இது வேண்டவே வேண்டாம் என்றார் அங்கே அமெரிக்க விமானப்படைக்குத் தலைமை வகித்த ஜெனரல் கென்னி. போர் முடியும் தறுவாயில் வந்ததற்கு இவ்வளவு பாராட்டா?

மேகவண்ணன்:
கென்னி ஏன் மறுத்தார் என்பதையும் சொல்லுங்கள் சார். விமானி பக்கவாட்டில் திரும்பினால் எஞ்சின் கூடுதான் கண்ணை மறைக்கும். மரங்களின் தலையை உரசிப் பறக்கிறவருக்கு, பக்கத்தில் வரும் சொந்த அணி விமானமே தெரியாவிட்டால் உயிருக்கு உலை. ஆனால் அதைச் சரிசெய்தார்களே! தட்டையான மேல்மூடியைக் கழற்றிவிட்டு, இரண்டாகத் திறக்கும் உப்பலான கண்ணாடி மூடி வைத்தார்கள். மொத்தமே மூன்று பேர்தான். முதுகிலும் வயிற்றிலும் இருந்த துப்பாக்கிக் கூண்டுகளை ஒரே ஆள் பெரிஸ்கோப்பில் பார்த்துச் சுட்டார். தலா 2,000 குதிரைத்திறன் எஞ்சின்கள் வேறு.

இரவுப்பறவை:
கொரியாவை விட்டுவிட்டீர்கள். 1948-இல் பி-26 என்று பெயர் மாறி, அங்கே இரவில் ரயில்களையும் லாரிகளையும் வேட்டையாடியது இதுதான். 1951 செப்டம்பர் 14 இரவு, கேப்டன் ஜான் வால்ம்ஸ்லி ஒரு சரக்கு ரயிலைத் தாக்கினார். தோட்டா தீர்ந்ததும் திரும்பவில்லை. இன்னொரு பி-26 குறிபார்க்கட்டும் என்று தன் விமானத்தின் தேடுவிளக்கைப் போட்டுக்கொண்டு ரயிலின் மேலேயே பறந்தார். தரையிலிருந்து சுட்டவர்களுக்கு அந்த வெளிச்சமே இலக்கானது, சுட்டு வீழ்த்தப்பட்டார். இறந்தபின் அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் கொடுத்தார்கள்.

சுழல்விசிறி:
அந்த வீரத்துக்குத் தலைவணங்குகிறேன். அது மனிதரின் பெருமை. விமானத்தைப் பேசுவோம். 1964 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் எக்லின் தளத்தில், செயல்விளக்கத்தின்போதே இறக்கை முறிந்து விழுந்தது. வியட்நாமில் இருந்தவற்றையும் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள்.

மேகவண்ணன்:
இருபது வருடம் குண்டு சுமந்த இறக்கை ஐயா அது! அப்புறம் ஆன் மார்க் நிறுவனம் இறக்கையை வலுவாக்கி, 2,500 குதிரைத்திறன் எஞ்சின்களைப் பொருத்தி, 40 விமானங்களைப் புதுப்பித்தது. அவைதான் 1966 முதல் 1969 வரை தாய்லாந்திலிருந்து கிளம்பி, வட வியட்நாம் தெற்கே ஆயுதம் அனுப்பிய ஹோ சி மின் பாதையில் லாரி வேட்டையாடின. உருப்படாத வடிவமைப்பை யாராவது இவ்வளவு செலவழித்துப் புதுப்பிப்பார்களா?

சுழல்விசிறி:
1966-இல் பறந்தது மறுபடி கட்டிய விமானம். என் கேள்வி 1944-ஐப் பற்றியது. அந்த வருடம் பசிபிக்கில் தாழப் பறந்து தாக்க, கென்னியின் கையில் ஏ-20, பி-25 என்ற இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றால் முடியாத எதை இன்வேடர் அன்றைக்குச் செய்தது? அதை மட்டும் சொல்லுங்கள்.