கடைசி வாங்கில் வந்திருந்த அதிபர்

வகுப்பைப் பார்க்க யாராவது வந்தால் முன்பெல்லாம் எனக்குக் கை நடுங்கும். முதல் நியமனத்தில் நடந்ததுதான் காரணம். மேற்பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்தார், பாடக்குறிப்பைப் புரட்டினார், பத்து நிமிடத்தில் எழுந்து போனார். இடைவேளையில் எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால், "வகுப்புக் கட்டுப்பாடு காணாது" என்றார். எந்த இடத்தில் பிழைத்தது, நான் என்ன செய்திருக்கலாம், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாரும் வரும் நாளென்றால், பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரிந்த பாடத்தையே எடுத்தேன்.

இப்போது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். இங்குள்ள பாடசாலை அதிபர் வகுப்பைப் பார்க்க வருவதற்கு முதல்நாளே வந்து கேட்டார்: "ரீச்சர், நாளைக்கு மூண்டாம் பாடவேளை தரம் ஏழுக்கு வரட்டோ? நான் என்னத்தைப் பாக்கோணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

சற்று யோசித்துவிட்டுச் சொன்னேன்: "கேள்வி கேட்டால் பிள்ளையள் வாய் திறக்கினம் இல்லை, சேர்."

மறுநாள் நாற்பது நிமிடமும் கடைசி வாங்கில் இருந்தார். இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஒரு தாளை என் கையில் தந்தார். வகுப்பில் பிள்ளைகள் இருந்தபடியே 34 கட்டங்கள். நான் யாரிடம் கேள்வி கேட்டேனோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. முன் இரண்டு வரிசையும் கோடுகளால் நிறைந்திருந்தது. யன்னலோரம் முழுக்க வெறுமை. ஓரத்தில் 1, 1, 2, 1 என்று இலக்கங்கள். கேட்டபின் எத்தனை செக்கன் காத்திருந்தேன் என்ற கணக்கு அது.

"இது உங்களுக்குத்தான். கோப்பிலை போடேல்லை" என்றார். என் குரல், எழுத்து எதைப் பற்றியும் கதைக்கவில்லை. நான் கேட்டதற்கு மட்டும் பதில்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே இதை எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள். மூன்று செக்கன் பொறுத்தால் விடைகள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். அடுத்த கிழமை மூன்றிலொன்றையும் நாலிலொன்றையும் பலகையில் எழுதிவிட்டு, வெண்கட்டியைக் கையில் பிடித்தபடி மனதுக்குள் எண்ணினேன். மூன்று செக்கன் எவ்வளவு நீளம்! யன்னலோரத்துப் பிள்ளை மெல்லச் சொன்னாள்: "ரண்டுக்கும் கீழை பன்னிரண்டு வரோணும், ரீச்சர்."

இரண்டு கிழமை கழித்து அதிபர் திரும்பவும் வந்தார். அதே வகுப்பு, அதே கட்டங்கள்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற அதிபர், வடமராட்சி:
பிள்ளை, வாசிக்க மனம் நிறைந்தது. நான் பல வருடம் பதிவேட்டை நிரப்பத்தான் வகுப்புகளுக்குப் போனேன், அது இப்போதும் உறுத்துகிறது. அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் கோல்ட்ஹாமர் 1969இல் மேற்பார்வைக்கு ஐந்து படிகள் சொன்னார்: முதலில் ஆசிரியருடன் பேசுதல், பாடத்தைப் பார்த்தல், பார்த்ததை அலசுதல், மீண்டும் இருந்து கதைத்தல், கடைசியாக மேற்பார்வையாளர் தன் வேலையைத் தானே அலசுதல். அந்தக் கடைசிப் படி எங்களிடம் அறவே இல்லை.

நேரம் இல்லை என்றுதான் எல்லா அதிபரும் சொல்வோம். படிவங்களும் வலயக் கூட்டங்களும் நாளைத் தின்றுவிடும், உண்மை. பிற்காலத்தில் நான் கிழமைக்கு இரண்டு பாடவேளையை எனது நேரசூசியிலேயே எழுதிவைத்தேன். அந்த நேரம் யார் வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். பகுதித் தலைவர்களையும் இப்படி வகுப்புகளைப் பார்க்கப் பழக்கினேன். அதற்கு முன் ஒன்று செய்தேன்: எனது வரலாறு வகுப்புக்கு ஆசிரியர்களை வரச்சொல்லி, என்னைப் பற்றி எழுதித் தரக் கேட்டேன். முதல் ஆள் வர ஒரு மாதம் எடுத்தது.

நெடுந்தீவு ஆசிரியர்:
எங்களிடம் ஆசிரிய ஆலோசகர் வந்தாலும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் திரும்பும் படகைப் பிடிக்கவேண்டும். ஆறுதலாக இருந்து கதைக்க வழியில்லை. ஆகவே நானும் விஞ்ஞான ஆசிரியையும் ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் இருக்கிறோம். எங்கள் ஓய்வுப் பாடவேளைகள் ஒன்றாக வராதபடி அதிபர் நேரசூசியை மாற்றித் தந்தார். அவர் செய்தது அவ்வளவுதான், ஆனால் அது இல்லாமல் ஒன்றும் நடந்திராது. அந்தக் கட்டத்தாளை நாளைக்கே வரைந்து பார்க்கிறோம்.